தப்பு தொற்றிக்கொள்ளுமா?

கடிதம் எழுதியவர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் இருக்கிறார், வயது 36. நான்கு பக்கக் கடிதம், சுருக்கித் தருகிறேன்.

"மேடம், எனக்குச் சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம், கல்யாணமாகி இங்கே வந்தேன். பத்தாவது வரை தமிழ் மீடியம். பீன்யாவில் ஒரு கார்மெண்ட் ஃபேக்டரியில் 11 வருஷமாக இருக்கிறேன். ஹெல்பராகச் சேர்ந்து, டெய்லராகி, போன வருஷம் லைன் க்யூசி ஆனேன், தைத்து வருவதில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. பையர், அதாவது எங்களிடம் துணி வாங்குகிற கம்பெனி, பக்கத்திலிருந்து ஆள் வந்தால் கூட நின்று பதில் சொல்ல வேண்டும். அவர் கேட்பது புரிகிறது, எனக்குத்தான் வாய் வரவில்லை. என்னை மாதிரிப் பெண்கள் 11 பேர் சேர்ந்து இங்கிலீஷ் பேசிப் பழக வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தோம். முதல் மாதம் நன்றாகப் போனது. அப்புறம் பி.காம். படித்த ஒருத்தி எல்லோருடைய தப்பையும் திருத்த ஆரம்பித்தாள், நல்ல எண்ணத்தில்தான். ஒருத்தி அழுதுகொண்டே குரூப்பை விட்டுப் போய்விட்டாள். இப்போது குட் மார்னிங் பூப்படம் மட்டும் வருகிறது. நீச்சல் தெரியாதவங்க பத்து பேர் சேர்ந்து கிணத்துல குதிச்ச கதைதான் இது என்று என் கணவர் சிரிக்கிறார். யாருக்குமே சரியாகத் தெரியாதபோது ஒருத்தி தப்பு இன்னொருத்திக்கு ஒட்டிக்கொள்ளாதா? ஒரு இன்ஸ்டிட்யூட்டில் 30 நாளில் பேச வைக்கிறோம் என்று 15,000 ரூபாய் கேட்கிறார்கள். குரூப்பை விட்டுவிட்டு அங்கே சேர்ந்துவிடட்டுமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

மேடம் எல்லாம் வேண்டாம், அக்கா போதும். நானும் அல்சூர் பக்கம் மர்ஃபி டவுனில் வளர்ந்தவள்தான், ஏழாவது வரை தமிழில் படித்துவிட்டு எட்டாவதில் இங்கிலீஷ் மீடியத்தில் கொண்டுபோய்ப் போட்டதும் ஒரு வருஷம் முழுக்க வகுப்பில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள். இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்கிற இந்த வேலைக்கு வந்து 24 வருஷம் ஆகிறது. 'வாய் வரவில்லை' என்று நீங்கள் எழுதியிருப்பதை இரண்டு தடவை படித்தேன்.

படித்ததும் ஒரு காரியம் செய்தேன். பென்சிலை எடுத்துக்கொண்டு உங்கள் கடிதத்தில் இருக்கிற ஆங்கிலச் சொற்களுக்கு அடியில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். நான்கு பக்கத்தில் 64 சொல். ஸ்கிப் ஸ்டிட்ச், ஓப்பன் சீம், ஆயில் ஸ்டெயின், ஆல்டரேஷன், டார்கெட், ஷிப்மெண்ட், ரிஜெக்ட். 'பக்கரிங்' என்று ஒன்று எழுதியிருந்தீர்கள், எனக்கு அர்த்தம் தெரியவில்லை, தேடிப் பார்த்தேன், தையல் ஓடுகிற இடத்தில் துணி சுருங்கிக்கொண்டு நிற்பதாம். ஆக உங்கள் தொழில் ஆங்கிலத்தில் நீங்கள் எனக்கு டீச்சர். சொல் உங்களிடம் நிறையவே இருக்கிறது, அதைக் கோத்து, எதிரில் ஒருவர் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது, இரண்டு மூன்று வினாடிக்குள் வெளியே விடுகிற பழக்கம்தான் இல்லை. அது வேறு குறை, அதற்கு வைத்தியமும் வேறு.

கேட்டால் புரிகிறது, பேச வரவில்லை என்பது உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. கனடாவில் ஆங்கிலம் பேசுகிற வீட்டுப் பிள்ளைகளைப் பிரெஞ்சு மொழியிலேயே எல்லாப் பாடமும் நடத்துகிற வகுப்பில் சேர்ப்பார்கள். வருஷக்கணக்காக பிரெஞ்சைக் கேட்டுக் கேட்டு அந்தப் பிள்ளைகளுக்குப் புரிந்துகொள்வது பிரமாதமாக வந்துவிட்டது, பேச்சிலும் எழுத்திலும் மட்டும் தப்பு போகவே இல்லை. மெரில் ஸ்வெய்ன் என்ற ஆய்வாளர் 1985-ல் இதற்கு ஒரு காரணம் சொன்னார்: கேட்பது மட்டும் போதாது, சொல்ல வேண்டிய கட்டாயம் வர வேண்டும், சொல்ல முயலும்போதுதான் நம்மிடம் எது இல்லை என்பதே நமக்குத் தெரிகிறது. உங்கள் குரூப் செய்ய வேண்டிய வேலை இதுதான். சொல்ல வைக்கிற இடமாக இருக்க வேண்டும். பாடம் நடத்துகிற இடமாக இருக்க வேண்டியதில்லை.

சரி, உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன், தப்பு ஒட்டிக்கொள்ளுமா என்ற கேள்விக்கு.

இதையும் ஆராய்ச்சி செய்து பார்த்திருக்கிறார்கள். மைக்கேல் லாங், பாட்ரீஷியா போர்ட்டர் என்ற இருவர் 1985-ல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார்கள். கற்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவரோடு பேசும்போது செய்கிற அளவுக்குத்தான் தப்பு செய்கிறார்கள், கூடுதலாக இல்லை. அடுத்தவர் தப்பை அப்படியே எடுத்துக்கொள்வதும் மிகக் குறைவு, சரியாகச் சொன்னதைத் தப்பாகத் திருத்திவிடுவதும் மிகக் குறைவு. கிடைக்கிற லாபம், ஒவ்வொருவருக்கும் வாய் திறக்கக் கிடைக்கிற நேரம் பல மடங்கு. நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் ஒரு மணி நேரத்தில் உங்கள் முறை எத்தனை நிமிஷம் வரும்? மூன்று பேர் பேசினால் இருபது நிமிஷம் உங்களுடையது.

ஆனால் உங்கள் கணவரை அவசரப்பட்டுத் தோற்கடித்துவிட வேண்டாம். அவர் பக்கத்தில் ஒரு பெரிய மனுஷர் நிற்கிறார், அதுவும் நம் ஊர் விஷயம். 1979-லிருந்து 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது, நடத்தியவர் அப்போது சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ்.பிரபு. வகுப்பில் இலக்கணப் பாடமே கிடையாது. பிள்ளைகள் கையில் ரயில் டைம்டேபிளைக் கொடுத்து, இந்த ஊரில் இத்தனை மணிக்குக் கிளம்பினால் அந்த ஊருக்கு எப்போது போகலாம், எந்த வண்டி சீக்கிரம் என்று ஆங்கிலத்தில் கேட்பார்கள். ஒரு வரைபடத்தைக் கொடுத்து வழி கேட்பார்கள். பிள்ளைகளின் கவனம் முழுக்க வண்டியைக் கண்டுபிடிப்பதில் இருக்கும், மொழி அதன் கூடவே உள்ளே போய்விடும். பின்னால் உலகம் முழுக்க மொழி ஆசிரியர்கள் 'டாஸ்க்', அதாவது செய்து முடிக்க ஒரு காரியம், வைத்துக் கற்பிக்கிறோம் என்று பேச ஆரம்பித்ததற்கு இதுவும் ஒரு முக்கியமான காரணம், 'பெங்களூர் ப்ராஜெக்ட்' என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது. அந்தப் பிரபுவே பிள்ளைகளைக் குழு குழுவாக உட்கார வைத்துத் தங்களுக்குள் பேச விடுவதை விரும்பவில்லை. காரணம், ஒருவர் தப்பை இன்னொருவர் கேட்டுக் கேட்டு அதுவே உறுதிப்பட்டுவிடும் என்ற பயம். உங்கள் கணவர் சொன்ன அதே கிணறு!

இதில் யார் சொல்வது சரி என்று கேட்டால், இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், எல்லாத் தப்பும் ஒட்டாது, ஒரு ஜாதித் தப்பு மட்டும் ஒட்டும். குரூப்பில் எல்லோருக்கும் ஒரே தாய்மொழியாக இருந்தால் அந்த மொழியிலிருந்து வருகிற தப்பு யார் காதுக்கும் தப்பாகவே கேட்காது. சட்டையில் சின்னச் சின்ன ஓட்டை இருக்கிறது என்பதை "ஸ்மால் ஸ்மால் ஹோல்ஸ்" என்பீர்கள், பதினொரு தமிழ்ப் பெண்களும் தலையாட்டுவார்கள், ஆங்கிலத்தில் ஒரு 'ஸ்மால்' போதும். "நான்தான் செக் பண்ணினேன்" என்பது "ஐ ஒன்லி செக்ட்" ஆகும், கேட்கிறவருக்கு அது 'செக் மட்டும்தான் பண்ணினேன்' என்று படும். தமிழில் ஆங்கிலத்து 'எ' (a), 'த' (the) மாதிரி பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போடுகிற குட்டிச் சொல் கிடையாது, அதனால் "கிவ் மீ ஷர்ட்" என்று சொன்னால் ஒருத்திக்கும் உறுத்தாது. தமிழர் அல்லாத ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டால் சரியாகிவிடுமா என்றால், உங்கள் லைனில் ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்த பெண்கள் கட்டாயம் இருப்பார்கள், அவர்களில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் நானும் சொல்வேன், ஏனென்றால் அப்போதுதான் நடுவில் தமிழுக்குத் தாவ முடியாது. ஆனால் 'ஸ்மால் ஸ்மால்' மட்டும் அவர்களும் கண்டுபிடிக்க மாட்டார்கள். இந்தியிலும் 'சோட்டே சோட்டே', கன்னடத்திலும் 'சிக்க சிக்க'. இந்த ஒரு விஷயத்தில் நம் நாடு முழுக்க ஒரே குரல்.

அதனால் குரூப்புக்குள் தினமும் வெளியிலிருந்து கொஞ்சம் நல்ல ஆங்கிலம் வந்தாக வேண்டும். நிறைய வேண்டாம், இரண்டு மூன்று நிமிஷம். ஆகாசவாணி ஆங்கிலச் செய்தியில் ஒரு துண்டு நல்லது, நிதானமாக, நம் ஊர் உச்சரிப்பில் வாசிப்பார்கள். நீங்கள் ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறிப் பீன்யாவில் இறங்குகிறவர் என்றால் காசில்லாத பாடம் ஒன்று தினமும் இரண்டு வேளை காதில் விழுகிறது. ஸ்டேஷன் வருவதற்கு முன் அறிவிப்புக் குரல் கன்னடத்தில் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் சொல்கிறதே, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று, அதில் 'த' எங்கே வருகிறது என்பதை மட்டும் ஒரு வாரம் கவனியுங்கள். ராஜாஜிநகர், மகாலட்சுமி, சாண்டல் சோப் ஃபேக்டரி, யஷ்வந்த்பூர் என்று வழி நெடுக அதே வாக்கியம், பெயர் மட்டும் மாறும். இதைவிட நல்ல டிரில்லை நான் வகுப்பில் நடத்தினதில்லை.

உங்களுக்குக் கன்னடம் எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தீர்களா? வந்த புதிதில் காய்காரரிடம் 'எஷ்டு' என்று கேட்டிருப்பீர்கள், அவர் சொன்ன விலை புரியாமல் விரலைக் காட்டச் சொல்லியிருப்பீர்கள். அப்புறம் 'ஸ்வல்ப கம்மி மாடி'. பஸ்ஸில் கண்டக்டர் 'சில்லறெ கொடி' என்று கத்திக் கத்தி அதுவும் வந்திருக்கும். இன்றைக்கும் நீங்கள் பேசுகிற கன்னடத்தில் பாதி விகுதி தப்பாகத்தான் இருக்கும், என்னுடையதும் அப்படித்தான், ஆனால் கத்தரிக்காய் வீட்டுக்கு வந்துவிடுகிறது. காய்காரர் ஒருநாளும் உங்கள் கன்னடத்தைத் திருத்தவில்லை, நீங்கள் முடிக்கும் வரை பொறுத்திருந்தார், அவ்வளவுதான். அவருக்கு விற்க வேண்டும், உங்களுக்கு வாங்க வேண்டும், இரண்டு பேருக்கும் அங்கே ஒரு காரியம் இருந்தது. உங்கள் குரூப் படுத்துவிட்டதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்பது என் ஊகம். "இன்னிக்கு என்ன டாபிக் பேசலாம்?" என்று ஆரம்பித்து 'மை ஃபேமிலி', 'மை ஹாபி' என்று நான்கு நாள் ஓட்டினால் ஐந்தாம் நாள் யாருக்குமே சொல்ல ஒன்றும் இருக்காது. பேச ஒரு காரியம் வேண்டும்.

உங்களுக்கு ஏற்ற காரியம் ஒன்று சொல்கிறேன், செய்து பாருங்கள். பதினொரு பேரும் ஒன்றாகப் பேச வேண்டாம், மும்மூன்று பேராகப் பிரியுங்கள், இரண்டு பேர் மிஞ்சினால் இரண்டு பேராகவே இருக்கட்டும். வீட்டில் இருக்கிற ஒரு பழைய சட்டையைப் போட்டோ எடுங்கள். ஃபேக்டரி சாம்பிளைத் தப்பித் தவறியும் எடுத்துவிடாதீர்கள், வேலை போய்விடும். அந்தப் படத்தில் ஒருத்தி மட்டும் ஐந்து குறையை வட்டம் போட்டு வைத்துக்கொள்வாள். மற்ற இரண்டு பேரிடம் வட்டம் போடாத படம். அவள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல இவர்கள் கேள்வி கேட்டு அந்த ஐந்து இடத்தையும் கண்டுபிடித்து வட்டம் போட வேண்டும், கடைசியில் இரண்டு படத்தையும் ஒத்துப் பார்க்க வேண்டும். என் வகுப்பில் இரண்டு பெண்கள் இதைச் செய்தபோது நடந்த பேச்சு இப்படி இருந்தது:

"லெஃப்ட் ஸ்லீவ். நியர் கஃப். ஒன் ஹோல்."

"விச் சைட்? பட்டன் சைட்?"

"நோ, நோ. அதர் சைட். பிலோ."

"ஹவ் பிக்?"

"ஸ்மால். லைக்... லைக் மஸ்டர்ட்."

கடுகளவு ஓட்டை என்பதை அவள் எப்படிச் சொல்லிவிட்டாள் பாருங்கள்! இலக்கணம் என்று பார்த்தால் இதில் முழு வாக்கியமே இல்லை. ஆனால் பையர் பக்கத்து ஆள் எதிரில் நின்றிருந்தால் காரியம் நடந்திருக்கும். இரண்டாவது வாரம் அவளே "தேர் இஸ் எ ஸ்மால் ஹோல் நியர் த கஃப்" என்று சொன்னாள், ஏனென்றால் நடுவில் அந்த மாதிரி வாக்கியத்தை நான்கைந்து தடவை அவள் காதில் போட்டிருந்தேன், பாடம் என்று சொல்லாமல்.

இதே மாதிரி வேறு காரியம் நீங்களே யோசித்துவிடுவீர்கள். ஒருத்தியிடம் மருந்துச் சீட்டு, இன்னொருத்தி எந்த மாத்திரை எப்போது என்று கேட்க வேண்டும். ஒருத்தியிடம் ரயில் நேரம், இன்னொருத்திக்குத் தீபாவளிக்கு ஊருக்குப் போக வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே விவரம் தெரிந்திருக்கக் கூடாது, அது ஒன்றுதான் விதி.

இன்னொன்று, இது தனியாக, வாய்ஸ் நோட்டில். நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் எழுதிப் பரவலான ஒரு பயிற்சி, ஒரே விஷயத்தை முதலில் ஒருவரிடம் 4 நிமிஷம் பேச வேண்டும், அதையே அடுத்தவரிடம் 3 நிமிஷத்தில், மூன்றாமவரிடம் 2 நிமிஷத்தில். உங்களுக்கு ஆரம்பத்தில் 2 நிமிஷம், ஒன்றரை, ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இன்று லைனில் என்ன பிரச்சினை' என்பதே போதும். முதல் தடவை திக்கும், 'ம்ம்', 'ஆங்' எல்லாம் வரும். மூன்றாவது தடவை அதே விஷயம் வழுக்கிக்கொண்டு வரும், அது உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டை அனுப்புவதற்கு முன் கேட்டுப் பார்க்கலாம் இல்லையா, கேளுங்கள், ஆனால் அழித்து அழித்துப் பதினைந்து தடவை பதிவு செய்யாதீர்கள். மூன்று தடவைக்கு மேல் போனால் எப்படி இருக்கிறதோ அப்படியே அனுப்பிவிட வேண்டும் என்று குரூப்பில் சட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த பி.காம். தோழி. அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, ஏனென்றால் நான் அவராக இருந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாலை வகுப்பில் 14 பேர். ஆட்டோ ஓட்டுகிறவர், நர்சிங் ஹோமில் ஆயா வேலை பார்க்கிற அம்மா, சின்னதாக மளிகைக் கடை வைத்திருந்தவர் என்று எல்லாம் வாழ்க்கையில் அடிபட்ட ஆட்கள். ஒருவர் "எஸ்டர்டே ஐ கோ" என்று ஆரம்பிப்பார், நான் "வெண்ட்!" என்பேன். "ஐ வெண்ட் டு மார்க்கெட்" என்பார், நான் "டு த மார்க்கெட்!" என்பேன். அவர் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை. மூன்றாவது வாரம் வகுப்பில் 5 பேர். நான் அவர்களுக்குப் பொறுமை இல்லை என்று நினைத்துக்கொண்டேன், இளரத்தம். மளிகைக் கடைக்காரர் ஒருநாள் தெருவில் பார்த்தபோது சொன்னார், "நீங்க நல்லாத்தான் சொல்லித் தர்றீங்கம்மா, ஆனா நான் என்ன சொல்ல வந்தேன்னு நீங்க ஒருநாளும் கேக்கலையே." இன்றுவரை அந்த வார்த்தை வலிக்கிறது.

அதற்கப்புறம் நான் பழகிக்கொண்டது, நம் வீட்டில் குழந்தைகளிடம் நாம் செய்வதுதான். இரண்டு வயசுப் பிள்ளை "அம்மா, நாய் வந்தான்" என்றால் நாம் யாரும் அஃறிணை பாடம் எடுப்பதில்லை, "அட, நாய் வந்துச்சா? எங்க வந்துச்சு?" என்போம். அதேதான். "எஸ்டர்டே ஐ கோ டு மார்க்கெட்" என்றால் "ஓ, யூ வெண்ட் டு த மார்க்கெட்? வாட் டிட் யூ பை?" என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சரியான வடிவமும் காதில் விழுந்தது, பேச்சும் நிற்கவில்லை. இதில் ஒரு ஓட்டை உண்டு, மறைக்க மாட்டேன். பெரியவர்கள் பல சமயம் இதைத் திருத்தம் என்றே கவனிக்காமல் கடந்துபோய்விடுகிறார்கள். அதனால் வாரம் ஒருநாள், சனிக்கிழமை என்று வையுங்கள், திருத்தத்துக்கு மட்டும். யார் தப்பு என்று பெயர் வேண்டாம், அந்த வாரம் குரூப்பில் வந்த தப்பில் அடிக்கடி வந்த இரண்டே இரண்டு, சரியான வாக்கியத்தோடு. அந்த இரண்டைத் தேர்ந்தெடுத்து எழுதிப் போடுகிற வேலையை பி.காம். தோழிக்குக் கொடுங்கள். அவருக்கும் தன் படிப்புக்கு ஒரு மரியாதை வேண்டும், அதை நாம் கொடுக்காததால்தான் அவர் நடுநடுவே எடுத்துக்கொண்டார். ஒருவேளை அவருக்கே ஏதாவதில் சந்தேகம் வந்தால் அகராதியைப் பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள், அவரும் கற்றுக்கொண்ட மாதிரி ஆயிற்று.

சில்லறை விஷயங்கள். குட் மார்னிங் படத்தைத் தடை செய்யுங்கள், தயவே வேண்டாம். அல்லது, எனக்குத் தெரிந்த ஒரு குரூப்பில் செய்த மாதிரி, பூப்படம் போட்டால் அந்தப் பூவைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் பேச வேண்டும் என்று அபராதம் வையுங்கள், இரண்டே நாளில் நின்றுவிடும். முகம் பார்த்துப் பேசிக்கொள்ள ஜூம் வைத்தால் இலவசக் கணக்கு 40 நிமிஷத்தில் தானே அறுந்துவிடும், அது குறை இல்லை, வரம், பெண்கள் கூடினால் அடுப்பில் பால் பொங்கிவிடும். புது ஆட்களைச் சேர்க்கும்போது மட்டும் உஷாராக இருங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோருக்கும் எல்லோர் நம்பரும் தெரியும், 'இங்கிலீஷ் பழகலாம்' என்று சேர்ந்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு 'ஹாய் டியர்' அனுப்புகிற ஆட்கள் இந்த ஊரில் நிறைய. தெரிந்தவர் வழியாக வருகிறவர்களை மட்டும் சேருங்கள். வெளியாட்களோடும் பழக வேண்டும் என்று பிற்பாடு தோன்றினால் டெலிகிராமில் போன் நம்பரை யாருக்கும் தெரியாமல் வைக்க செட்டிங் இருக்கிறது, முதலில் அதைச் செய்துவிட்டு உள்ளே போங்கள்.

15,000 ரூபாய்க்கு வருவோம். கணக்குப் போட்டே பார்க்கலாம். ஐரோப்பாவில் மொழித் திறமையை ஏ1-லிருந்து சி2 வரை ஆறு படியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மூன்றாவது படியான பி1, அதாவது வேலையிடத்தில் தெரிந்த விஷயத்தைத் தட்டுத் தடுமாறியாவது பேசிச் சமாளிக்கிற நிலை, அதற்கு ஆரம்பத்திலிருந்து சுமார் 350 முதல் 400 மணி நேரப் பயிற்சி தேவைப்படும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வுக்காரர்கள் சொல்கிற கணக்கு. 30 நாள், தினம் ஒரு மணி நேரம் என்றால் 30 மணி நேரம். மீதியை அவர்கள் எந்த மந்திரத்தில் கொண்டுவருவார்கள் என்று அந்த இன்ஸ்டிட்யூட்டில் கேட்டுப் பாருங்கள். நீங்கள் பூஜ்யத்தில் இல்லை, பாதி தூரம் ஏற்கெனவே வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு உதைக்கிறது. குரூப்பில் தினம் அரை மணி நேரம் நிஜமாகப் பேசினால் ஒரு வருஷத்தில் 180 மணி நேரம் சேர்ந்துவிடும், கையிலிருந்து காசு போகாமல்.

ஆசிரியரே வேண்டாம் என்று சொல்லி என் பிழைப்பை நானே கெடுத்துக்கொள்ளவில்லை. கொடுக்கிற காசை இப்படிக் கொடுங்கள். ஆளுக்கு மாதம் 200 ரூபாய், பதினொரு பேருக்கு 2,200. அக்கம்பக்கத்தில் நன்றாகச் சொல்லித் தருகிற ஒரு டீச்சரைப் பிடித்து மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் குரூப்புக்கு வரச் சொல்லுங்கள். பாடம் நடத்த வேண்டாம், நீங்கள் பேசுவதைக் கேட்டு அந்த 'ஸ்மால் ஸ்மால்' ஜாதித் தப்பைப் பிடித்துக் கொடுத்தால் போதும். பிரபுவின் பயத்துக்கும் அதுதான் பதில்.

36 வயசு ஆகிவிட்டதே என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். உச்சரிப்பு குழந்தைகளுக்கு வருகிற மாதிரி வராது, உண்மை, 'zero' கடைசி வரை நம் வாயில் 'ஜீரோ'தான், அதனால் எந்த ஷிப்மெண்டும் நிற்கப் போவதில்லை. மற்றதெல்லாம் பெரியவர்களுக்கு ஆரம்பத்தில் வேகமாகவே வரும்.

உங்கள் கணவரை அந்தச் சட்டைப் பயிற்சிக்கு ஒருநாள் மூன்றாவது ஆளாக உட்கார வையுங்கள். கிணறு பற்றிப் பேசுகிறவர் கொஞ்சம் கால் நனைக்கட்டும்.

கடைசியாக, அழுதுகொண்டே போனாரே ஒரு தோழி. புது முறையில் ஆரம்பிப்பதற்கு முன் அவரை நீங்களே கூப்பிடுங்கள். குரூப்பில் லிங்க் அனுப்பி அல்ல, போன் போட்டு, தமிழில். அன்றைக்கு அவர் என்ன சொல்ல வந்தார் என்று கேளுங்கள்.